கண்டக்டர் சாமி கட்டிய காப்பு

செம்போத்துக் கரட்டுக்கு நானூற்றுப் பன்னிரண்டு படி. உச்சியில் முருகன் கோயில். முந்நூறாவது படியில் ஒரு கல் மண்டபம். அந்த மண்டபத்தில் கண்டக்டர் சாமி இருந்தார்.

அவருக்கு வயது நாற்பத்திரண்டு. பன்னிரண்டு வருஷம் டவுன் பஸ்ஸில் கண்டக்டராக வேலை பார்த்தவர். ஒரு நாள் டியூட்டி முடிந்து கரடு ஏறினார். இறங்கவில்லை. ஏன் என்று யாருக்கும் தெரியாது. தாடி கிடையாது. காவி கிடையாது. கழுத்தில் பழைய விசில் மட்டும் தொங்கும். குரங்கு வந்தால் ஊதுவார். காலையில் படிகளைக் கூட்டுவார். யாராவது வந்து ஏதாவது கேட்டால் சில சமயம் பதில் சொல்வார்.

தை மாதம் பிறந்து பத்தாம் நாள் காலை, ராக்கியண்ணன் அந்த மண்டபத்துக்கு வந்து சேர்ந்தார். வயது அறுபத்தொன்று. கீழே ஊரில் வெல்ல மண்டி நடத்துகிறவர். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. பேச மூச்சு வரவில்லை. ஆனால் கண் இரண்டும் பளபளத்தன.

"சாமி! இந்தத் தடவை விட மாட்டனுங்க!"

"எதைங்க?"

"நடையைங்க! கரடு ஏறுறதைங்க! பாருங்க, முந்நூறு படி, நாலே நாலு இடத்துலதான் உக்காந்தேன்!"

சாமி சொம்பில் தண்ணீர் கொடுத்தார். ராக்கியண்ணன் ஒரே மூச்சில் குடித்துவிட்டு மேலே பேசினார்.

"போன ஞாயித்துக்கிழமை ஒரு கல்யாணமுங்க. பந்தி மாடியில. இருபத்திரண்டு படி. பாதியில நின்னு மூச்சு வாங்குனனுங்க. என்ர சகலை தெய்வசிகாமணி மேல நின்னுட்டு, அத்தனை சனத்துக்கு முன்னால சொல்றானுங்க, 'சகலைக்கு இலையைக் கீழயே கொண்டு போய்ப் போடுங்கப்பா'ன்னு. எல்லாரும் சிரிச்சாங்க. பாயசம் ஊத்தறவன்கூடச் சிரிச்சானுங்க சாமி!"

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நாப்பத்தெட்டாம் நாள் செம்போத்துக் கரட்டு உச்சியில விருந்து போடறேன், உன்னால முடிஞ்சா ஏறி வந்து தின்னுடான்னு சொல்லிட்டேன்!"

ராக்கியண்ணன் எதையும் மறக்கிற ஆள் இல்லை. முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் கொழுந்தியாள் கல்யாணப் பத்திரிகையில் தன் பெயரைக் கடைசியில் போட்டது அவருக்கு இன்னும் நினைவிருந்தது. அந்தப் பத்திரிகையையும் அவர் எறியவில்லை. அதில் முதலில் இருந்த பெயர் தெய்வசிகாமணி, மாப்பிள்ளை என்ற முறையில். அது நியாயம்தான் என்று யார் சொன்னாலும் அவர் கேட்டதில்லை.

"டாக்டர் என்ன சொல்றாரு?" என்று கேட்டார் சாமி.

ராக்கியண்ணனின் குரல் இறங்கியது.

"சர்க்கரைக்கு மாத்திரையை நான் எழுதறேன், நடையை நீங்கதான் நடக்கோணும்னு சொல்றாருங்க. எங்கண்ணன்கிட்டயும் அதையேதான் சொன்னாரு. அண்ணன் நடக்கலை. போன வருஷம் வலது காலை முழங்காலுக்குக் கீழ எடுத்துட்டாங்க. அண்ணன் வீட்டு வாசல்ல ஒத்தைச் செருப்புக் கிடக்குதுங்க. அதைத் தாண்டி உள்ள போறப்பவெல்லாம் என்ர காலு கூசுதுங்க."

சாமி குனிந்து அவருடைய வெறுங்காலைப் பார்த்தார்.

"இதுக்கு முன்னால ஏறிப் பாத்திருக்கீங்களா?"

"ஆறு தடவைங்க! ஆறு மண்டலம்!" ராக்கியண்ணனுக்கு மறுபடியும் உற்சாகம் வந்துவிட்டது. "காப்புக் கட்டிக்கிட்டு ஆறு மண்டலம். ஒரு நாள் தப்புனதில்லைங்க. கொட்டற மழையில குடையைப் புடிச்சுட்டு ஏறியிருக்கேன்."

அந்தப் பக்கத்து வழக்கம் அது. மஞ்சள் கயிற்றைக் கையில் காப்பாகக் கட்டிக்கொண்டால் நாற்பத்தெட்டு நாள் இனிப்பு கிடையாது, கறி கிடையாது. தினமும் கரடு ஏற வேண்டும். நாற்பத்தெட்டாம் நாள் தேங்காய் உடைத்து, காப்பை அவிழ்த்து, விருந்து போடுவார்கள். கட்டியவர்தான் அவிழ்க்க வேண்டும் என்பதும் வழக்கம். ராக்கியண்ணன் ஆறு தடவையும் தானே கட்டி, தானே அவிழ்த்தார். ஒரு தடவை சிரித்த பக்கத்து மண்டிக்காரனுக்காக. ஒரு தடவை தொப்பையைத் தட்டிப் பார்த்த சம்பந்திக்காக. மற்ற நாலும் சகலைக்காக.

"ஆறு தடவையும் சர்க்கரை இறங்கிச்சுங்களா?"

"சர்ருனு இறங்கிச்சுங்க. டாக்டரே கை குடுத்தாரு."

"நாப்பத்தொம்பதாம் நாள் என்ன பண்ணுவீங்க?"

"விருந்து நாப்பத்தெட்டுலயே முடிஞ்சிருங்க."

"நாப்பத்தொம்பது?"

ராக்கியண்ணன் துண்டால் கழுத்தைத் துடைத்தார்.

"தூங்கிருவனுங்க."

"அம்பது?"

"மண்டிக்குப் புது வெல்லம் வந்திருக்குமுங்க. உடைச்சு ஒரு துண்டு வாயில போட்டாத்தானுங்க விலை சொல்ல முடியும்."

சாமி சிரித்தார். ராக்கியண்ணனும் சிரித்தார். பிறகு கையைக் கூப்பினார்.

"அதைத்தானுங்க கேக்க வந்தேன். இப்ப நெஞ்சுக்குள்ள நெருப்பாட்டம் இருக்குதுங்க சாமி. ஓடிப் போயி உச்சியைத் தொட்டுட்டு வரலாம்னு இருக்குது. இது அணையாம இருக்க ஒரு வழி சொல்லுங்க."

"கயிறு கொண்டாந்திருக்கீங்களா?"

இடுப்பு மடியிலிருந்து மஞ்சள் கயிற்றை எடுத்து நீட்டினார் ராக்கியண்ணன்.

"இந்தத் தடவை நான் கட்டறேன்," என்றார் சாமி. "எண்ணிக்கை என்னோடது. நீங்க எண்ணக் கூடாது."

"எண்ணாம எப்படிங்க?"

"நான் பஸ்ஸுல இருந்தப்ப ஒருத்தர் தினமும் ஏறுவாருங்க. ஏறுனதும் 'கண்டக்டர், சந்தைமேடு வந்தாச் சொல்லுங்க'ம்பாரு. சரின்னு சொல்லிட்டு நாலு டிக்கெட் கிழிக்கறதுக்குள்ள, 'வந்துருச்சா?' அந்தப் பக்கம் போனா, 'வந்துருச்சா?' இந்தப் பக்கம் வந்தா, 'வந்துருச்சா?' போற வழியில ஆறு ஓடுது. ரெண்டு பக்கமும் மஞ்சக்காடு. மனுசன் தலையைத் திருப்ப மாட்டாரு. எட்டு வருசம் அந்த பஸ்ஸுல வந்தாருங்க. ஒரு நாள் என்னைக் கேட்டாரு, 'ஏனுங்க கண்டக்டர், இந்த ரூட்டுல ஆறு ஏதாச்சும் இருக்குதுங்களா?'ன்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சந்தைமேடு வந்துருச்சு, இறங்குங்கன்னேன்."

சாமி அவருடைய வலது மணிக்கட்டில் கயிற்றைச் சுற்றி மூன்று முடிச்சுப் போட்டார்.

"ஸ்டாப்பிங் வந்தா நான் சொல்றேன். நீங்க வேடிக்கை பாத்துட்டு வாங்க. தினமும் வழியில என்ன இருந்துச்சுன்னு எனக்கு ஒரு சேதி சொன்னாப் போதும். அப்புறம், வெறுங்காலோட ஏற வேண்டாம். கேன்வாஸ் போட்டுக்கங்க."

"விரதத்துக்குச் செருப்புங்களா? முருகன் கோவிச்சுக்க மாட்டானுங்களா?"

"மேல வாசல்ல கழட்டுனாப் போதுமுங்க. சர்க்கரைக்காரர் காலு. கல்லுக் குத்துனா உங்களுக்குத் தெரியாது. முருகனுக்குத் தெரியும்."

மறுநாள் ராக்கியண்ணன் புது கேன்வாஸ் செருப்போடு வந்தார். உச்சி வரை போய்த் திரும்பி மண்டபத்தில் உட்கார்ந்தார்.

"வழியில என்ன இருந்துச்சுங்க?" என்று கேட்டார் சாமி.

"படி இருந்துச்சுங்க."

"எத்தனை?"

"நானூத்திப் பன்னெண்டு."

"அதை நான் தினமும் கூட்டறனுங்க. வேற?"

ராக்கியண்ணன் யோசித்தார்.

"கைப்பிடிக் கம்பி இருந்துச்சுங்க."

அதற்கு அடுத்த நாள் சனம் இருந்தது என்றார். சனம் என்றால் யார் என்று சாமி கேட்டார். அவர் பார்க்கவில்லை. ஏறும்போதெல்லாம் அவர் கண்ணுக்கு முன்னால் தெய்வசிகாமணி மாடியில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்.

"பதினொண்ணுங்க சாமி!" என்று ஒரு நாள் ஓடி வந்தார்.

"இந்த பஸ்ஸுக்குக் கண்டக்டர் யாருங்க?"

ராக்கியண்ணன் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"சேதி சொல்லுங்க."

"நூத்தி எண்பதாவது படியில, வேப்பமரத்தடியில, ரெண்டு பொம்பளைங்க உக்காந்திருக்காங்க. ஒருத்தி மோர் விக்கறா, அங்காத்தா. இன்னொருத்தி வெள்ளரிப் பிஞ்சு விக்கறா, மருதாயி. ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் பேசிக்க மாட்டாங்க போல இருக்குதுங்க."

"அப்படிங்களா?" என்று சாமி நிமிர்ந்து உட்கார்ந்தார். "எதை வெச்சுச் சொல்றீங்க?"

"முதுகைப் பாத்தாத் தெரியாதுங்களா?" என்றார் ராக்கியண்ணன். "அது சும்மா திரும்பி உக்காந்த முதுகு இல்லைங்க. வேணும்னே திருப்புன முதுகு. எனக்குத் தெரியுமுங்க."

"நல்லாப் பாத்துட்டு வந்து சொல்லுங்க."

அதற்கு அடுத்த வாரம்தான் அந்தக் காரியம் நடந்தது. சாயங்காலம் மண்டிக்குத் தெய்வசிகாமணி வந்தார். வெல்லச் சிப்பத்தின் மேல் தொப்பென்று உட்கார்ந்தார். முகம் வெளிறியிருந்தது.

"சகலை, நானும் சர்க்கரை பாத்தனுங்க. முந்நூத்தி நாப்பது."

ராக்கியண்ணன் கையிலிருந்த தராசைக் கீழே வைத்தார்.

"அன்னைக்கு மாடியில நின்னு சிரிச்ச வாயிங்க இது," என்று தெய்வசிகாமணி தன் வாயில் தானே அடித்துக்கொண்டார். "தப்புத்தானுங்க. மனசுல வெச்சுக்காதீங்க. அந்தப் பத்திரிகையில எம்பேரை முன்னால போட்டது எனக்கே புடிக்கலைங்க. அப்பவே சொல்லியிருக்கோணும்."

முப்பத்தைந்து வருஷம் கழித்து அதைச் சொன்னார். ராக்கியண்ணன் சர்க்கரை போடாத டீ இரண்டு வாங்கிவரச் சொன்னார். இருவரும் குடித்தார்கள். போகும்போது தெய்வசிகாமணி அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் விடிந்தது. கட்டிலுக்கு அடியில் கேன்வாஸ் செருப்பு இரண்டும் சேர்ந்து கிடந்தன. ராக்கியண்ணன் அவற்றைப் பார்த்தார். மறுபடியும் படுத்துக்கொண்டார்.

"ஏனுங்க, கரட்டுக்குப் போகலைங்களா?" என்று கேட்டாள் மனைவி பாவாயி.

"எதுக்கு?"



அவர் மண்டிக்குப் போனார். புது வெல்லம் வந்திருந்தது. உடைத்தார். துண்டை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனார். வாய்க்குக் கிட்டே கொண்டுபோனார். மணிக்கட்டில் மஞ்சள் கயிறு தெரிந்தது. துண்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். மத்தியானம் மூன்று மணி வெயிலில் கரடு ஏறினார். மண்டபத்துக்கு வந்து தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அவிழ்த்து விட்டுருங்க சாமி. இனி என்னால ஏற முடியாதுங்க."

"ஏனுங்க, காலு வலிக்குதுங்களா?"

"காலெல்லாம் நல்லாத்தான் இருக்குதுங்க. சகலை வந்து மன்னிப்புக் கேட்டுட்டானுங்க!"

"நல்லதுதானுங்களே."

"என்னங்க நல்லது! முப்பத்தஞ்சு வருசமாச் சேத்து வெச்சிருந்தேன் சாமி. ஒரு டீயில முடிச்சுட்டுப் போயிட்டான். என்ர பொழப்பையே கெடுத்துட்டான்! காலையில எந்திரிக்கறேன், உள்ள ஒண்ணுமே இல்லைங்க. வெறும் அடுப்பு. இனி எதை வெச்சுங்க ஏறுறது?"

"இப்ப எதை வெச்சு ஏறுனீங்க?"

"இதை உங்ககிட்டச் சொல்லோணும்னு..."

ராக்கியண்ணன் நிறுத்திக்கொண்டார். தான் நிற்கிற இடத்தைப் பார்த்தார். கீழே முந்நூறு படியும் வெயிலில் கிடந்தன.

"எங்க உக்காந்து வந்தீங்க?" என்று கேட்டார் சாமி.

"எங்கயும் உக்காரலைங்க. கோவத்துல வந்துட்டேன்."

"சரி. வழியில என்ன இருந்துச்சுங்க?"

"ஒண்ணும் இல்லைங்க," என்றார் ராக்கியண்ணன் சலிப்போடு. பிறகு, "மோர்ப்பானை இடம் மாறியிருக்குதுங்க," என்றார்.

"அப்படிங்களா?"

"ஆமாங்க. காலையில வெயில்ல இருக்கும், மேல குடை புடிச்சிருப்பா. இப்ப நிழல்ல இருக்குதுங்க. மருதாயி வெள்ளரிதான் இப்ப வெயில்ல காயுது. ஈரச்சாக்குப் போட்டு மூடி வெச்சிருக்கா..." அவருடைய குரல் மெல்ல மாறியது. "சாமி! நிழலுங்க! காலையில வேப்பமர நிழல் மருதாயி பக்கம் விழுகுது. மத்தியானத்துக்கு மேல அங்காத்தா பக்கம் போயிருது. ஒருத்தி மாத்தி ஒருத்தி வெயில்ல காயறாங்க. சித்தெ நகந்து உக்காருன்னு ஒருத்தி கேட்டிருப்பா. இன்னொருத்தி நகந்திருக்க மாட்டா. சண்டை அதுதானுங்க! நான் காலையிலயே வந்துட்டுப் போனதுனால எனக்குத் தெரியலை!"

"இருக்கலாமுங்க. எத்தனை வருசமா இருக்கும்?"

"கேட்டுட்டு வந்து சொல்றனுங்க!"

அவர் படியில் இறங்க ஆரம்பித்தார். நாலு படி போய்த் திரும்பினார்.

"சாமி, காப்பை அவிழ்க்கலையே?"

"இன்னும் ஸ்டாப்பிங் வரலைங்க."

"இன்னைக்குக் காலையில நான் வரலைங்களே. மத்தியானம் வந்தது கணக்குல சேருங்களா? பத்தொம்பதா, இருபதா?"

"அது என்ர கவலைங்க. நீங்க போயி மோர் குடிங்க. உப்பு கம்மியாப் போடச் சொல்லுங்க."

அன்றோடு ராக்கியண்ணனுக்கு எண்ணிக்கை குழம்பிப்போனது. எண்ணவும் நேரமில்லை. சேதி பெருகிக்கொண்டே போனது.

"நாலு வருசமுங்க சாமி! நாலு வருசமா ஒரு வார்த்தை இல்லை! நான் முப்பத்தஞ்சு வருசம் கோவத்தை வெச்சுப் பழகுனவன், ஆனா சகலையை வருசத்துக்கு ரெண்டு தடவைதானுங்க பாப்பேன். இவிய தினமும் ஆறடி தூரத்துல உக்காந்துட்டுப் பேசாம இருக்காங்க. எனக்கே ஆச்சரியமா இருக்குதுங்க!"

இன்னொரு நாள்:

"என்னைய நடுவுல விட்டுப் பேசறாங்க சாமி! அங்காத்தா சொல்றா, 'ஏனுங்க மண்டிக்காரரே, அந்தப் பக்கம் இருக்கறவிய சாக்கை இழுத்துக்கச் சொல்லுங்க, சனம் தடுக்கி விழும்'னு. நான் திரும்பி மருதாயிகிட்டச் சொல்றேன். மருதாயி, 'எனக்குக் காது கேட்டுச்சு, நான் ஒண்ணும் செவிடி இல்லைன்னு சொல்லுங்க'ங்கறா. ஆறடியிலங்க! நான் இந்தப் பக்கம் திரும்பறேன், அந்தப் பக்கம் திரும்பறேன், கழுத்துச் சுளுக்கிக்கிச்சு!"

சாமி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"சாக்கை இழுத்தாங்களா?"

"இழுத்தாளுங்க. ஆனா மூணு விரக்கடைதான். எனக்கு அந்த மூணு விரக்கடை புரியுதுங்க. நானா இருந்தாலும் அதுக்கு மேல இழுத்திருக்க மாட்டேன்."

இப்படியே மாசி ஓடியது. வேறு சேதிகளும் இருந்தன. இருநூற்றுப் பத்தாவது படியில் ஒரு கல் ஆடியது. அதன்மேல் முதல் ஆளாகத் தான் கால் வைத்துப் பார்த்துவிட்டு, பின்னால் வருகிறவர்களை எச்சரிப்பதை ராக்கியண்ணன் தன் வேலையாக எடுத்துக்கொண்டார். முதல் நாள் மழை பெய்திருந்தால், உச்சிக்குப் பக்கத்தில் பாறை பாகு காய்ச்சுகிற கொப்பரையைப்போல மணக்கிறது என்று கண்டுபிடித்துச் சொன்னார். நாற்பது வருஷம் வெல்லத்தை மோந்து பார்த்த மூக்கு அது. மண்டியிலும் இப்போது மோந்து பார்த்தே விலை சொன்னார். ஒரு தடவையும் தப்பவில்லை.

எதிரே தெய்வசிகாமணியைப் பார்த்தால், "சகலை, விருந்து எப்பங்க?" என்று கேட்பார்.

"கண்டக்டருக்குத்தான் தெரியுமுங்க. நான் சும்மா உக்காந்துட்டுப் போறவன்," என்பார் ராக்கியண்ணன். "நீங்களும் காலையில வாங்களேன். வேப்பமரம் வரைக்கும் வந்தாலே போதும், தமாசு தெரியும்."

ஒரு நாள் காலை, மண்டபத்துக்கு இருபது படி கீழே இருக்கும்போதே ராக்கியண்ணனின் குரல் வந்தது.

"சாமி! திருப்பி வெச்சுட்டா! குடையைத் திருப்பி வெச்சுட்டா!"

"யாருங்க?"

"மருதாயிங்க! அவளும் இப்ப மத்தியான வெயிலுக்குன்னு ஒரு கருப்புக் குடை வாங்கியிருக்கா. காலையில அவ பக்கம்தான் நிழலாச்சே, குடை சும்மாத்தானே கிடக்கும்? அதை விரிச்சு, அங்காத்தா பக்கம் இருக்கற கம்பியில கட்டி விட்டிருக்கா. நிழல் போயி மோர்ப்பானை மேல விழுகுது! கேட்டா, 'காத்துக்குத் திரும்பியிருக்கும்'ங்கறா. காத்தே இல்லைங்க சாமி இன்னைக்கு!"

சாமி அவரைப் பார்த்தார். அவருடைய மணிக்கட்டைப் பார்த்தார். ஏதோ சொல்வதற்காக வாயைத் திறந்தார்.

"சித்தெ இருங்க சாமி, இன்னும் இருக்குது!" என்றார் ராக்கியண்ணன். "அங்காத்தா என்ன பண்ணுனாங்கறதைக் கேளுங்க. பானையை நகத்தலைங்க! அந்த நிழல்லயே விட்டுட்டா! ஒரு வார்த்தை பேசலை, ஆனா நகத்தலை!"

சாமி வாயை மூடிக்கொண்டார். முழுவதையும் கேட்டார்.

பங்குனி பாதி கடந்தது. வெயில் ஏறியது. கேன்வாஸ் செருப்பின் அடி தேய்ந்து, ராக்கியண்ணன் புதிதாக ஒரு ஜோடி வாங்கியிருந்தார். டாக்டர் ரத்தப் பரிசோதனைச் சீட்டை இரண்டு தடவை படித்துப் பார்த்தார். ஒரு மாத்திரையைப் பாதியாகக் குறைத்து எழுதினார். அதைப் பாவாயிதான் ஊரெல்லாம் சொன்னாள். ராக்கியண்ணன் அதைச் சாமியிடம் சொல்ல மறந்துவிட்டார்.

அன்று காலை, நூற்று எண்பதாவது படியில் திடீரென்று கூச்சல் கேட்டது.

இரண்டு குரங்குகள். ஒன்று மருதாயியின் கூடையைப் பிடித்து இழுத்தது. கூடை கவிழ்ந்தது. வெள்ளரிப் பிஞ்சுகள் படியில் குதித்துக் குதித்து உருண்டன. இன்னொரு குரங்கு மருதாயியின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டது. அவள் கத்தினாள். அங்காத்தா மோர் மொண்டு ஊற்றுகிற பித்தளைச் சொம்பை எடுத்தாள்.

"ஏய் மருதாயி! குனி!"

மருதாயி குனிந்தாள். சொம்பு பறந்தது. குரங்கும் பறந்தது. மேலே மண்டபத்திலிருந்து சாமியின் விசில் சத்தம் நீளமாக வந்தது.

ராக்கியண்ணன் உருண்ட பிஞ்சுகளைத் துரத்திக்கொண்டு இறங்கினார். நாற்பது படி இறங்கினார். குனிந்து குனிந்து பொறுக்கித் துண்டில் கட்டினார். சொம்பு ஒரு பக்கம் நசுங்கிக் கிடந்தது. அதையும் எடுத்தார். மறுபடியும் ஏறி வந்து, எல்லாவற்றையும் மருதாயியின் கூடையில் கொட்டினார். அங்காத்தாவும் மருதாயியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மருதாயி வாயைத் திறந்தாள். ஒரு வாக்கியம் சொன்னாள்.

ராக்கியண்ணன் அதைக் கேட்டார். திரும்பினார். மேலே ஓடினார்.

உண்மையாகவே ஓடினார். நூற்று இருபது படி. நடுவில் நிற்கவில்லை. கம்பியைப் பிடிக்கவில்லை. ஆடுகிற கல்லை மட்டும் தாண்டிக் கால் வைத்தார்.

"சாமி! பேசிட்டாங்க! பேசிட்டாங்க சாமி! அங்காத்தாதான் முதல்ல! 'ஏய் மருதாயி, குனி'ன்னாளுங்க! நாலு வருசத்துக்கு அப்புறம் முதல் வார்த்தை! சொம்பு போயி நசுங்கிருச்சு, அவ கவலைப்படலை! அதுக்கு மருதாயி..."

"சித்தெ இருங்க," என்றார் சாமி. "உங்க காப்பு எங்கீங்க?"

ராக்கியண்ணன் வலது கையைப் பார்த்தார். இடது கையைப் பார்த்தார்.

"ஐயோ! வெள்ளரி பொறுக்குனப்ப விழுந்திருக்கும். இருங்க, பாத்துட்டு வந்தர்றேன்."

"அங்க இருக்காதுங்க. பத்து நாளைக்கு மேல உங்க கையில இல்லை."

"பத்து நாளா? எப்பங்க விழுந்துச்சு?"

"உங்க கைதானுங்களே."

ராக்கியண்ணன் மணிக்கட்டைத் தடவிப் பார்த்தார். கயிறு இருந்த இடத்தில் வெளுத்த கோடுகூட இல்லை.

"இன்னைக்கு எத்தனாவது நாளுங்க சாமி?"

"எண்ணிக்கை என்னோடதுங்க."

"சொல்லுங்க சாமி!"

"அறுபத்தொம்பது."

ராக்கியண்ணன் அப்படியே படியில் உட்கார்ந்தார்.

"நாப்பத்தெட்டு?"

"தாண்டிருச்சுங்க."

"நாப்பத்தொம்பது?"

"வந்தீங்க."

"அம்பது?"

"நான் கூட்ட ஆரம்பிக்கறதுக்கு முன்னாலயே வந்து உக்காந்திருந்தீங்க. வெளக்குமாத்தை எடுத்துக் குடுத்ததே நீங்கதான்."

கீழே வேப்பமரத்தடியில் இரண்டு பெண்கள் சேர்ந்து சிரிக்கிற சத்தம் மெலிதாக வந்தது. ராக்கியண்ணன் முகம் சிவந்தது.

"தேங்காய் உடைக்கலை. விருந்து போடலை. சகலைகிட்டச் சொன்ன சொல்லு போச்சு. ஸ்டாப்பிங் வந்தாச் சொல்றேன்னீங்களே சாமி! உங்களை நம்பித்தானே உக்காந்திருந்தேன்? இதை நான் மறக்க மாட்டனுங்க!"

"நாப்பத்தெட்டாம் நாளே சொல்லத்தானுங்க வாயைத் தொறந்தேன்," என்றார் கண்டக்டர் சாமி. "நீங்கதான், 'சித்தெ இருங்க சாமி, இன்னும் இருக்குது'ன்னீங்க."

சாமி அவருக்குப் பக்கத்தில் வந்து, படியில் உட்கார்ந்தார்.

"சரி, சொல்லுங்க. அதுக்கு மருதாயி என்ன சொன்னா?"